ஓட்டுநர் நடக்கிறார்

செப்டம்பர் 2, செவ்வாய்

வெறும் வயிற்றில் சர்க்கரை 11.4 (ஆறுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டுமாம்). காலை: ஓட்ஸ். நடை: இல்லை.

இந்த நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தது பாலிகிளினிக் என்கிற பலதுறை மருந்தகத்துத் தாதி கேத்தரின். பிலிப்பீன்ஸ் பெண். தினமும் சர்க்கரை அளவு, தின்றது, நடந்தது மூன்றையும் எழுதிக்கொண்டு வரவேண்டுமாம். எந்த மொழியில் என்று கேட்டேன். எண்களை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன், மற்றதை உங்கள் இஷ்டம்போல் எழுதுங்கள் என்றார். ஆகவே தமிழ். கையெழுத்து மோசம் என்று என் மனைவி தனம் சொல்வாள். இது தனம் படிப்பதற்கல்ல.

விஷயம் இதுதான். எனக்கு வயது அறுபத்திரண்டு. முப்பத்தொரு வருடமாக இந்தச் சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறேன். சர்க்கரைக்குப் பல வருடமாக மாத்திரை உண்டு. ஆகஸ்டில் வருடாந்தரப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.6 என்று வந்தது. நவம்பர் 11 வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு எண் இறங்கியிருந்தால் கையெழுத்துப் போடுவார், மறுபடி ஓட்டலாம். இல்லாவிட்டால் அவ்வளவுதான். பஸ் ஓட்டாவிட்டால் காலையில் எழுந்து நான் என்ன செய்வது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

நடக்கச் சொல்கிறார்கள். நான் குடியிருக்கும் வீவக அடுக்குமாடியைச் சுற்றி நடந்தால் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன, லீவா?" என்று கேட்கிறார்கள். எனவே மெக்ரிச்சி நீர்த்தேக்கம் என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த நிறுத்தத்தில் எத்தனை ஆயிரம் பேரை இறக்கிவிட்டிருப்பேன்! தொப்பியும் கைத்தடியுமாக இறங்குவார்கள், மத்தியானம் செருப்பெல்லாம் சேறாகச் சிரித்துக்கொண்டு ஏறுவார்கள். உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

10.9. ஓட்ஸ். நடை: 3 கிலோமீட்டர்.

ஒரு வெட்கக்கேடு. ஈசூனில் 855-ஆம் எண் பஸ்ஸில் ஏறினேன். ஓட்டியது ரோஸ்லான். பதினைந்து வருடப் பழக்கம், மலாயில்தான் பேசிக்கொள்வோம். நிறுத்தம் வந்தது. எழுந்து கதவருகில் நின்றேன். வண்டி நிற்காமல் போய்விட்டது. "ஓய், என்னப்பா!" என்று கத்தினேன். "மணி அடிச்சீங்களா அண்ணே?" என்றான்.

அடிக்கவில்லை. அடிக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. முப்பத்தொரு வருடமாக மற்றவர்கள் எனக்கு அடிப்பார்கள், நான் நிறுத்துவேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். அந்த அரைக் கிலோமீட்டரையும் கணக்கில் சேர்க்கலாம், ஆனால் நான் யோக்கியன்.

உள்ளே நீரோரமாகப் பலகைப் பாதை. காடு தண்ணீர்வரைக்கும் வந்து நிற்கிறது. நகரத்து நடுவில் இவ்வளவு பெரிய இடத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள். பெரிய உடும்பு ஒன்று எனக்கு முன்னால் பாதையைக் கடந்தது. அவசரமே இல்லை அதற்கு. பழக்கதோஷம், வலது காலால் பலகையை மிதித்து நின்றேன்.

செப்டம்பர் 8, திங்கள்

10.1. ஓட்ஸ் (தனம் அதில் பாகற்காய்ப் பொடி கலப்பதாகச் சந்தேகம்). நடை: 6.

மரங்களுக்கு மேலே தொங்குபாலம் இருக்கிறது என்று ஆசையாகப் போனால் திங்கட்கிழமை மூடியிருப்பார்களாம். பாலத்துக்கே வார விடுமுறை. நான் பார்த்த வேலையில் ஞாயிறுகூட நிச்சயமில்லை.

போகும்போது நிறுத்தத்தில் முதலில் வந்தது என் பழைய வண்டி, இத்தனை நாள் நான் ஓட்டிய தடம். அதுவும் மெக்ரிச்சி வழியாகத்தான் போகும். ஏறவில்லை. கூட்டம்.

செப்டம்பர் 17, புதன்

9.2. காலை: கோதுமை. நடை: 11, முழுச் சுற்று!

இன்றைக்கு முழுதாகச் சுற்றி வந்துவிட்டேன். நான்கு மணி நேரம். தொங்குபாலம் ஒருவழிப் பாதை, நடுவில் திரும்ப முடியாது, எதிரே யாரும் வரவும் மாட்டார்கள். இப்படி ஒரு சாலையில் வேலைபார்க்கக் கொடுத்து வைத்திருக்கவேண்டும். மேலே நின்று பார்த்தால் தூரத்தில் நீர்த்தேக்கம், சுற்றிலும் மர உச்சிகள். எனக்கு முன்னால் போன வெள்ளைக்காரர் ஒருவர் படம் எடுத்துத் தரச் சொன்னார். அவர் தலையை வெட்டிவிட்டு மரத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன், பாவம்.

கோதுமை என்று எழுதியிருப்பது பரோட்டா. தாம்சன் சாலைக் கடையில் இரண்டு, முட்டையோடு. கோதுமைதானே? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். கேத்தரின் கேட்டாலும் கோதுமைதான், நவம்பர் வரைக்கும் தாங்கினால் போதும்.

செப்டம்பர் 25, வியாழன்

8.3. ஓட்ஸ், ஓர் ஆப்பிள். நடை: 11.

கால் வலி போய்விட்டது. இடுப்பு வாரை ஒரு துளை உள்ளே தள்ளியாயிற்று. தனம் கேட்டாள், "காட்டுக்குள்ள தனியா போறீங்களே, பயமா இல்ல?" பயமா! மூன்று மணி நேரம் ஒரு பிரேக் இல்லை, ஒரு ஹாரன் இல்லை, எனக்குப் பின்னால் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. இந்த மாதிரி நிம்மதியாக நான் தூங்கும்போதுகூட இருந்ததில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பழகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

இன்றும் என் பழைய வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் போனேன். கூட்டம். (ஏழு பேர் இருந்தார்கள்.)

அக்டோபர் 7, செவ்வாய்

7.0. ஓட்ஸ். 11. மழை, வழுக்கல், விழவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

6.1. காலை: இல்லை. நடை: 9.

எண் ஆறுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இதை இன்னும் கொஞ்சம் இறக்கினால் டாக்டர் அசந்துபோவார் என்று நினைத்து மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பினேன். பசித்தால் இருக்கட்டும் என்று தனம் இரண்டு ரொட்டியும் அவித்த முட்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள்.

குரங்குகள் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பை கூடாது என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள், நான்கு மொழியில். ஊரில் உள்ள பலகையெல்லாம் பார்த்து வண்டி ஓட்டியவன், இதைப் பார்க்கவில்லை. வனக்காவலர் குடிலுக்குச் சற்று முன்னால் ஒரு தடியன் மரத்திலிருந்து இறங்கி வந்து, கையில் இருந்ததை வாங்கிக்கொண்டான். பிடுங்கினான் என்றுகூடச் சொல்லமுடியாது, அத்தனை சாவகாசம். என் முன்னாலேயே உட்கார்ந்து முட்டையை உரித்துத் தின்றான். தனத்திடம் சொன்னால் ஒரு வாரம் சிரிப்பாள்.

திரும்பியிருக்கலாம். பாலத்தில் ஏறினேன்.

பாலத்தின் கடைசிப் பலகை நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது நிழற்குடிலின் பெஞ்சு. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு சீன அம்மாள் இனிப்பு மைலோ பானப் பொட்டலத்தில் உறிஞ்சுகுழலைக் குத்தி என் வாயில் வைத்து, "குடிங்க அங்கிள், குடிங்க" என்று ஆங்கிலத்தில் அதட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அவர் கணவருக்கும் சர்க்கரையாம். பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது, சர்க்கரை ரொம்ப இறங்கினால் இப்படித்தான் ஆகும், ஆள் நடப்பார், பேசுவார், ஆனால் இருக்கமாட்டார் என்றார்.

பாலத்துக்கும் நிழற்குடிலுக்கும் நடுவில் மரப்படிகள். நூறுக்கு மேல் இருக்கும். நான்தான் இறங்கியிருக்கிறேன். கைப்பிடியைப் பிடித்தேனா, எதிரே யாராவது வந்தார்களா, ஒன்றும் தெரியவில்லை.

ஆக, அதுதானா அது.

இதற்குமேல் ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

5.8. ஓட்ஸ். நடக்கவில்லை, மழை. (மழை மூன்று மணிக்குத்தான் வந்தது.)

அக்டோபர் 20, தீபாவளி

எண் எழுதமாட்டேன். இன்றைக்கு நல்ல நாள்.

மகள் கலைவாணியும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். ஓர் அதிரசம் தின்றேன். தனம் எண்ணிப் பார்த்துவிட்டு இரண்டு என்றாள். "அப்பா அடுத்த மாசம் திரும்ப ஓட்டப் போறாங்க" என்று கலைவாணி மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னாள். பாயசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். பாயசத்தை எனக்கு ஊற்றவே இல்லை என்று பிறகுதான் கவனித்தேன்.

நவம்பர் 3, திங்கள்

5.9. இரண்டு இட்லி. நடை: 9 (திங்கள், பாலம் மூடல்). பிஸ்கட் பொட்டலம் சட்டைப்பையில், தோள்பைக்குள் இன்னொன்று.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.0. கேத்தரின் தொலைபேசியில் கைதட்டினார். ரோஸ்லானிடம் சொன்னேன். வண்டியை நிறுத்தத்தில் போட்டுவிட்டு எழுந்து வந்து கட்டிப்பிடித்தான். "உங்க லாக்கரை யாருக்கும் கொடுக்கல அண்ணே. பதினொண்ணாந் தேதி கையெழுத்து, பன்னெண்டாந் தேதி வண்டி" என்றான். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள்.

சந்தோஷம்தான். சந்தோஷமில்லாமல் என்ன.

காட்டில் இன்று எல்லா நிழற்குடிலிலும் உட்கார்ந்தேன். தண்ணீர் ஆடாமல் கிடந்தது. இங்கே நான் தவறினால் நான் மட்டும்தான் விழுவேன் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று ஆராயவில்லை, எழுந்து நடந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய், காலை

6.0. இட்லி.

பத்தரைக்கு மருந்தகம். தனம் சேலை உடுத்திக்கொண்டிருக்கிறாள், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. அரை மணி நேரம் இருக்கிறது.

கேத்தரினுக்குத் தமிழ் தெரியாது. அதனால் எழுதிவிடுகிறேன். எங்கேயாவது ஓர் இடத்தில் இருக்கட்டும்.

ஜூலை 9, புதன்கிழமை. மதியம் ஒன்றரை மணி. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டிருந்தேன், சாப்பிட நேரமில்லை. சந்தை நிறுத்தத்தில் கதவைச் சாத்திக் கிளம்பியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது நூலக நிறுத்தம். கதவு திறந்திருக்கிறது, ஆட்கள் இறங்குகிறார்கள், ஒரு மலாய்ப் பாட்டி நன்றி சொல்கிறார். என் சட்டை நனைந்திருக்கிறது. நடுவில் நான்கு நிறுத்தங்கள். நான்கிலும் நின்றிருக்கிறேன், ஆட்களை ஏற்றியிருக்கிறேன், இறக்கியிருக்கிறேன். இரண்டு சிவப்பு விளக்கு இருக்கும் சாலை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஒன்றும் தெரியாது எனக்கு.

பஸ் முனையத்தில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். கீறல்கூட இல்லை. அன்று சாயங்காலச் செய்தியையும் மறுநாள் செய்தித்தாளையும் ஓர் எழுத்து விடாமல் படித்தேன். ஒன்றும் இல்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள முயற்சி செய்தேன். ஆகஸ்டில் சர்க்கரை என்று ஓட்டவேண்டாமென்றபோது எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அப்பாடா என்றேன். இதுதான் உண்மை.

இப்போது எண் நன்றாக இருக்கிறது. கையெழுத்துப் போடுவார்கள். யாருக்கும் தெரியாது. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது.

தனம் கூப்பிடுகிறாள்.

நவம்பர் 11, மாலை

கேத்தரின் விடுப்பில் ஊருக்குப் போய்விட்டாராம். அந்த அறையில் வேறொரு தாதி இருந்தார். சட்டையில் பெயர்: ஜெசிந்தா. நோட்டை நீட்டினேன். வாங்கிப் பிரித்ததும் முகம் மலர்ந்தது.

"ஐயோ, தமிழ்ல எழுதியிருக்கீங்க! நான் மணப்பாறை அங்கிள். இங்க வந்து ரெண்டு வருஷமாச்சு, தமிழ் கையெழுத்தப் பாத்தே எவ்ளோ நாளாச்சு தெரியுமா?"

காலையில் எழுதிய பக்கமும் அதில்தான் இருந்தது.

எண்களை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று சிரித்தார். "அங்கிள், பரோட்டாவா கோதுமை?" அடுத்து குரங்கு முட்டை உரித்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதற்கடுத்த பத்தியில் சிரிப்பு நின்றது. பக்கத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வந்தது.

கையை நீட்டி வாங்கியிருக்கலாம். மேசை அத்தனை அகலமில்லை. நான் நீட்டவில்லை. அவர் படிக்கிற நேரம் முழுக்க அவர் கண் வரிக்கு வரி இடமிருந்து வலம் போய்த் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்து முடித்து நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"நான் பாக்க வேண்டியது நம்பர் மட்டுந்தான் அங்கிள். மத்தத நான் படிச்சிருக்கக்கூடாது, மன்னிச்சுக்கங்க. ஆனா படிச்சிட்டேன். படிச்சத படிக்கலன்னு என்னால இருக்க முடியாது." டாக்டர் அறைக் கதவைக் காட்டினார். "உள்ள போனதும் வேற ஏதாச்சும் சொல்லணுமான்னு டாக்டர் கேப்பாங்க. எல்லார்ட்டயும் கேப்பாங்க. நீங்களே சொன்னா நல்லாருக்கும்."

"சொன்னா கையெழுத்துப் போட மாட்டாங்கம்மா."

"ஆமா அங்கிள். போட மாட்டாங்க."

சுற்றி வளைக்காமல் சொன்னார். அதற்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது.

டாக்டர் சுவா கணினியைப் பார்த்து, மிக நன்று, மிக நன்று என்று இரண்டு தடவை சொன்னார். படிவம் மேசையில் இருந்தது. பேனா கையில் இருந்தது. வேறு ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டார். "ஒன்று இருக்கிறது டாக்டர், ஜூலையிலேயே சொல்லியிருக்கவேண்டும்" என்றேன். என் ஆங்கிலத்தில் எத்தனை முடியுமோ அத்தனையும் சொன்னேன். நான்கு நிறுத்தத்தையும் சொன்னேன், படிகளையும் சொன்னேன். கேட்டு முடித்து அவர் பேனாவை மூடி வைத்தார்.

அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்குமாம். மாத்திரையை மாற்றியிருக்கிறார். குறைந்தது ஆறு மாதம் வண்டி கிடையாது. அப்புறம் நிபுணர் பார்ப்பார். பிறகும் சொல்லமுடியாது என்றார். என் வயதுக்கு அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

வெளியே வந்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நிம்மதி. சுவரில் சாய்ந்து நின்றேன், தனம் பயந்துபோய் ஓடி வந்தாள்.

காப்பிக்கடையில் உட்காரவைத்து அவளிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், அதில் சர்க்கரையே இல்லை.

"எத்தன பேரு இருந்தாங்க வண்டில?"

"முப்பது முப்பத்தஞ்சு பேரு இருக்கும்."

"நாலு மாசமா எங்கிட்ட சொல்லல." அவள் குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து மேசைக்காரர் திரும்பினார். "கூடவே படுத்துத் தூங்கறேன், எங்கிட்ட சொல்லல!"

"சொன்னா வண்டி போயிடுமேன்னு..."

"வண்டி! நீங்க போயிருந்தா?" என்றாள். பிறகு அழுதாள். நானும்தான். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வேறிடத்துக்குப் போனார்.

நவம்பர் 12, புதன்

6.2. இட்லி. நடை இல்லை.

ரோஸ்லானுக்குத் தொலைபேசியில் சொன்னேன். முழுக்கக் கேட்டான். பிறகு, போன வருடம் தனக்கும் ஒரு தடவை மார்பில் வலித்தது, யாரிடமும் சொல்லவில்லை என்றான். நாளைக்கே போய் டாக்டரைப் பார்க்கிறேன் என்று சத்தியம் செய்யவைத்த பிறகுதான் வைத்தேன்.

நவம்பர் 13, வியாழன்

6.0. இட்லி. நடை: 5, தனத்தோடு.

காலையில் தனமும் மெக்ரிச்சிக்கு வந்தாள். பாதி தூரம்தான் நடந்தாள். பலகைப் பாதையில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். இவ்வளவு நாள் இந்த இடத்தைத் தனியாக வைத்துக்கொண்டீர்களே என்று அதற்கும் ஒரு சண்டை.

நிறுத்தத்துக்கு வந்தபோது மணி ஒன்று. என் பழைய வண்டி வந்தது. வழக்கம்போல ஒதுங்கி நின்றேன். தனம் என் முழங்கையைப் பிடித்தாள்.

"இதுல ஏறுவோம். எனக்கு அந்த எடத்தக் காட்டுங்க."

ஓட்டியது மலேசியாவிலிருந்து வரும் ஜொகூர்க்காரப் பெண், முப்பது வயதிருக்கும். நல்ல பிரேக், அலுங்காமல் பிடித்தாள். நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்தோம். சந்தை நிறுத்தம் வந்தது. கதவு சாத்திக்கொண்டது. இங்கேதான் என்று தனத்துக்கு விரலால் காட்டினேன். அவள் தலையசைத்தாள்.

முதல் நிறுத்தத்தில் ஒருவர் பூச்செடித் தொட்டியோடு ஏறினார். இரண்டாவதில் யாரும் இல்லை, சிவப்பு விளக்கு மட்டும், நின்றோம். முப்பத்தொரு வருடமாகத் தெரிந்த சாலையைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் இல்லாமல் நான் ஓட்டிப் போன சாலை.

மூன்றாவது தொடக்கப்பள்ளி. மணி அடித்திருக்கவேண்டும், வாசல் நிறையப் பிள்ளைகள். கோடு போட்ட இடத்தில் மஞ்சள் சட்டை போட்ட அம்மாள் கையிலிருந்த பலகையை உயர்த்தினார். வண்டி நின்றது. பிள்ளைகள் கடக்க ஆரம்பித்தார்கள், முதுகைவிடப் பெரிய பைகளோடு. ஒருத்தி நடுவில் நின்று காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தனம் என் கையை நசுக்கிவிடுவதுபோல் பிடித்திருந்தாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினேழு பேர். காலுறைக்காரி கடைசியில் ஓடினாள். பதினேழு பேரும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.